காற்றின் ஈரம் அளந்த அன்னா மணி

நுழையும்முன்

தில்லியில் வாழும் மாணவர்களுக்கு ஏர்கூலர் புதிய பொருளன்று. மே மாதத்து அனலில் அதன் முன் அமர்ந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் வீசும். ஜூலை மாதம் மழை தொடங்கிவிட்டால் அதே கூலர் அதே வேகத்தில் சுழன்றும் குளிர்ச்சி தருவதில்லை. அறை முழுவதும் பிசுபிசுப்பே மிஞ்சும். கோடை விடுமுறைக்குச் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ செல்பவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பர். அங்கே வெப்பநிலை தில்லியை விடக் குறைவு; ஆயினும் வியர்வை உலர்வதில்லை. கருவி பழுதுபடவில்லை, உடலும் மாறவில்லை. மாறியது காற்றில் உள்ள ஈரமே ஆகும்.

கண்ணுக்குப் புலப்படாத இந்த ஈரத்தை எவ்வாறு அளப்பது? அளக்கும் கருவி சரியாகத்தான் காட்டுகிறது என்பதற்கு யார் பொறுப்பு? இவ்வினாக்களுக்கு விடையாக வாழ்ந்த ஓர் அறிவியலாளரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

1. லோதி ரோட்டில்

புதுதில்லி லோதி ரோட்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் அமைந்துள்ளது. அதன் பெயர் மௌசம் பவன். மௌசம் என்பது பருவத்தையும் வானிலையையும் குறிக்கும் சொல். அரபு மொழியில் தோன்றி இந்திக்கு வந்த சொல் இது. ஆங்கிலேயர் பருவக்காற்றுக்கு வழங்கும் மான்சூன் என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததே. 1875ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் தொடங்கப்பெற்ற இத்துறை, பின்னர்ச் சிம்லாவிலும் புனேயிலும் தலைமையிடம் கொண்டிருந்து, 1944ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்தது.

நாள்தோறும் செய்தியில் தில்லியின் வெப்பநிலையைக் கூறும்போது சப்தர்ஜங், பாலம் ஆகிய பெயர்களோடு லோதி ரோடு என்னும் பெயரையும் நாம் கேட்கிறோம். அங்கும் ஒரு வானிலை நோக்குநிலையம் இருப்பதே அதற்குக் காரணம். இத்தகைய நிலையங்களில் புல்தரையின் மீது, நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை வண்ண மரப்பெட்டி ஒன்றைக் காணலாம். அதன் பக்கங்கள் சாய்ந்த சட்டங்களால் ஆனவை. காற்று உள்ளே புகும், வெயில் புகாது. ஸ்டீவன்சன் பெட்டி என்று வழங்கப்பெறும் அதனுள் நான்கு வெப்பநிலைமானிகள் இருக்கும். ஒன்று நாளின் உயர்ந்த வெப்பநிலையையும், ஒன்று தாழ்ந்த வெப்பநிலையையும் காட்டும். எஞ்சிய இரண்டும் இணைந்து காற்றின் ஈரத்தைக் காட்டும்.

இத்தகைய கருவிகளை இந்தியாவிலேயே செய்யவும், நாட்டின் எந்த மூலையில் வைத்தாலும் அவை ஒரே அளவைக் காட்டுமாறு ஒழுங்குபடுத்தவும் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அன்னா மணி. 1969ஆம் ஆண்டில் அவர் வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநராகத் தில்லிக்கு வந்தார். அந்நிலையை அடைய அவர் கடந்து வந்த வழி நெடியது.

2. ஏலமலையில் இளமை

அன்னா மணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் ஏழாமவர். தந்தையார் கட்டடப் பொறியாளர். ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் உரிமையாளர். செல்வம் நிறைந்த அக்குடும்பத்தில் ஆண்மக்கள் உயர்ந்த பணிகளுக்குப் படிக்கவைக்கப்பட்டனர். பெண்மக்கள் இளமையிலேயே திருமணம் செய்துகொடுக்கப்பட்டனர். அதுவே அக்காலத்து வழக்கம்.

அன்னா மணியோ புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தார். எட்டு வயதை எட்டுவதற்குள் ஊர்ப் பொதுநூலகத்தில் இருந்த மலையாள நூல்களில் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டார். பன்னிரண்டு வயதிற்குள் ஆங்கில நூல்களையும் ஏறத்தாழ முடித்துவிட்டார். எட்டாவது பிறந்தநாளில் பெண்குழந்தைக்கு வைரத்தோடு அணிவிப்பது அவர் வீட்டு வழக்கம். தோடு வேண்டாம் என்று மறுத்த அச்சிறுமி, அதற்கு ஈடாகப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார்.

1925ஆம் ஆண்டில் வைக்கம் போராட்டத்தின்போது காந்தியடிகள் அவ்வூருக்கு வந்தார். தந்தை பெரியார் முந்தைய ஆண்டில் பங்கேற்றுச் சிறை சென்ற போராட்டம் அது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லா மக்களும் நடக்க உரிமை வேண்டும் என்று எழுந்த அந்தக் குரல், அச்சிறுமியின் உள்ளத்திலும் பதிந்தது. அவர் கதர் உடுத்தத் தொடங்கினார். தன் நாட்டிற்கு வேண்டியதைத் தன் நாடே செய்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம், பிற்காலத்தில் அவர் செய்த ஒவ்வொரு கருவியிலும் வெளிப்பட்டது.

3. சென்னையும் பெங்களூரும்

அன்னா மணி சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1939ஆம் ஆண்டில் இயற்பியலிலும் வேதியியலிலும் ஆனர்சுப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கு நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது.

அவருக்கு அளிக்கப்பட்ட ஆய்வுப்பொருள் வைரமும் மாணிக்கமும் ஆகும். காதில் அணிய மறுத்த வைரத்தை அவர் இப்போது கண்ணெதிரே வைத்து நுணுகி ஆராய்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் ஒளியை எவ்வாறு உமிழ்கின்றன, எவ்வாறு உறிஞ்சுகின்றன என்று பதிவு செய்தார். அந்த ஒளி மிக மங்கலானது. ஆகவே ஒரே ஒளிப்படத் தகட்டில் அதைப் பதிக்கப் பதினைந்து முதல் இருபது மணிநேரம் தேவைப்பட்டது. பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். அவசரப்பட்டு எடுத்த தகடு எதையும் காட்டாது என்னும் பொறுமையை அந்த இரவுகள் அவருக்குக் கற்பித்தன.

1942 முதல் 1945 வரை தனித்து ஐந்து ஆய்வுக்கட்டுரைகளை வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். ஆய்வில் எவரும் குறை கூறவில்லை. எனினும், அவர் முதுகலைப் பட்டம் பெறவில்லை என்னும் காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்சுப் பட்டமும், ஐந்து கட்டுரைகளும், ஐந்தாண்டு உழைப்பும் அந்த விதியின் முன் எடுபடவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில் உள்ள இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற பிறர் ஆய்வேடுகளோடு ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

பட்டம் கிடைக்காதது தம் பணியைச் சிறிதும் பாதிக்கவில்லை என்றே அவர் பிற்காலத்தில் கருதினார். இறுதிவரை அவர் பெயருக்கு முன் அப்பட்டம் சேரவேயில்லை.

4. கடல்கடந்து கற்ற கலை

இயற்பியலில் மேலும் ஆய்வு செய்யவே அவர் விரும்பினார். ஆனால் அரசு அளித்த உதவித்தொகையில் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு, இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி ஒன்றே. விரும்பிய துறை கிடைக்கவில்லையே என்று அவர் ஒதுங்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் பயணம் செய்து இலண்டனை அடைந்தார். இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்து, கருவிகளைச் செய்யும் முறை, சோதிக்கும் முறை, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தும் முறை ஆகியவற்றைக் கற்றார்.

5. ஈரத்தை அளப்பது எப்படி?

அவர் கற்ற கலையின் நுட்பத்தை அறிய, காற்றின் ஈரத்தை அளக்கும் முறையை நாமும் தெரிந்துகொள்வோம்.

காற்றில் நீராவி எப்போதும் கலந்துள்ளது. ஆனால் காற்று ஏற்கும் நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பநிலை உயர உயர அவ்வெல்லையும் உயரும். ஒரு கனமீட்டர் இடத்தில் 10 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 9 கிராமும், 20 டிகிரியில் 17 கிராமும், 30 டிகிரியில் 30 கிராமும் நீராவி இருக்கலாம். ஏற்கக்கூடிய அளவில் இப்போது உள்ளது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கூறுவதே ஒப்பு ஈரப்பதம். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றில் 15 கிராம் நீராவி இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு. அதே காற்று இரவில் ஏறத்தாழ 18 டிகிரிக்குக் குளிர்ந்தால், நீராவி கூடாமலேயே காற்று நிறைவுபெற்றுவிடும். மேலும் குளிர்ந்தால் நீராவி நுண்துளிகளாக மாறும். சனவரிக் காலையில் தில்லிச் சாலைகளை மறைக்கும் மூடுபனி இவ்வாறு தோன்றுவதே.

வெள்ளைப் பெட்டியில் உள்ள இரு வெப்பநிலைமானிகளுள் ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றொன்றின் குமிழை மெல்லிய மஸ்லின் துணி போர்த்தியிருக்கும். அத்துணியின் திரி ஒரு சிறு குப்பியில் உள்ள நீரில் தோய்ந்து, குமிழை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். நீர் ஆவியாகும்போது குமிழிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆகவே ஈரக்குமிழ் தாழ்ந்த வெப்பநிலையைக் காட்டும். மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். கூலரின் ஈரத் தட்டி வழியே வரும் காற்று குளிர்வதும் இதே முறையில்தான்.

காற்று உலர்ந்திருந்தால் நீர் விரைந்து ஆவியாகும். இரு அளவுகளுக்கும் இடையே வேறுபாடு மிகும். காற்று ஈரமாக இருந்தால் ஆவியாதல் குறையும், வேறுபாடும் குறையும். காற்று நிறைவுற்றிருந்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். உலர்குமிழ் 30 டிகிரியைக் காட்டும்போது ஒப்பு ஈரப்பதம் எவ்வளவு என்பதைக் கீழ்க்காணும் அட்டவணை உணர்த்தும்.

இரு குமிழ்களின் வேறுபாடு 2 டிகிரி – ஒப்பு ஈரப்பதம் 86 விழுக்காடு
வேறுபாடு 4 டிகிரி – 73 விழுக்காடு
வேறுபாடு 6 டிகிரி – 61 விழுக்காடு
வேறுபாடு 8 டிகிரி – 50 விழுக்காடு
வேறுபாடு 10 டிகிரி – 39 விழுக்காடு

தில்லியின் மே மாதப் பகலில் உலர்குமிழ் 40 டிகிரியும் ஈரக்குமிழ் 22 டிகிரியும் காட்டினால், ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காடே. அதனால்தான் கூலர் அப்போது நன்கு குளிர்விக்கிறது.

வேறொரு முறையும் உண்டு. எண்ணெய்ப் பசை நீக்கிய மனிதத் தலைமயிர் ஈரம் கூடும்போது சற்று நீளும்; குறையும்போது சுருங்கும். முற்றிலும் உலர்ந்த நிலைக்கும் நிறைவுற்ற நிலைக்கும் இடையே அதன் நீளம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவிற்கே மாறுகிறது. அச்சிறு மாற்றத்தை நெம்புகோலால் பெரிதாக்கி ஒரு முள்ளை நகரச் செய்தால், அது மயிரிழை ஈரமானி ஆகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சொசூர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதனை அமைத்தார். முள்ளின் முனையில் மை தோய்ந்த பேனாவைப் பொருத்தி, சுழலும் உருளையில் தாளைச் சுற்றிவைத்தால், நாள் முழுவதும் ஈரம் ஏறி இறங்கியதைத் தாளில் கோடாகக் காணலாம்.

6. ஒரு டிகிரி தவறினால்

முறை எளிது; அதைப் பிழையின்றிச் செய்வதே அரிது. மேலே உள்ள அட்டவணையை மீண்டும் நோக்குக. வேறுபாடு இரண்டு டிகிரி மாறினால் ஒப்பு ஈரப்பதம் பதின்மூன்று விழுக்காடு வரை மாறுகிறது. அதாவது, ஒரு வெப்பநிலைமானி ஒரு டிகிரி தவறினாலும் ஈரப்பதம் ஆறு விழுக்காட்டளவு பொய்யாகிவிடும். துணியில் தூசி படிந்தாலும், உப்பு நீரால் அது விறைத்தாலும், குப்பியில் நீர் வற்றினாலும் ஆவியாதல் குறையும். ஈரக்குமிழ் உண்மைக்கு மேல் காட்டும். உலர்ந்த காற்று ஈரக்காற்றாகத் தோன்றும். அளவை எடுப்பவர் குமிழுக்கு அருகில் மூச்சுவிட்டாலும் பிழை நேரும்.

நாகப்பட்டினத்தில் ஒரு கருவியும் சென்னையில் ஒரு கருவியும் வெவ்வேறு வகையில் தவறினால், இரு ஊர்களின் காற்றுக்கும் இல்லாத வேற்றுமை இருப்பதாகத் தோன்றும். அதைக் கொண்டு மழையையோ புயலையோ முன்கூறினால், கடலுக்குச் செல்லும் மீனவரும் விதைக்கக் காத்திருக்கும் உழவரும் அன்றோ அதன் விலையைக் கொடுப்பர்? தவறான அளவு, அளவே இல்லாமையினும் தீது என்பது அன்னா மணி உறுதியாகக் கொண்ட கொள்கை. அளவு இல்லையெனில் நாம் எச்சரிக்கையாக இருப்போம். தவறான அளவு நம்மைத் துணிந்து தவறச் செய்யும்.

7. புனேயில் ஒரு பட்டறை

1948ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் திரும்பிய அன்னா மணி, புனேயில் இருந்த வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அக்காலத்தில் எளிய வானிலைக் கருவிகளும் பிரிட்டனிலிருந்தே வரவேண்டியிருந்தன. ஒரு வெப்பநிலைமானி உடைந்தால் மாற்றுக் கருவி கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரிவின் தலைவர் எஸ்.பி. வெங்கிடேசுவரன் இந்நிலையை மாற்ற முனைந்திருந்தார். மழைமானி, ஆவியாதல் அளவி, வெப்பநிலைமானி, காற்றுவேகமானி முதலியவற்றை இங்கேயே செய்ய ஒரு பட்டறை நிறுவப்பட்டது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றைத் தாமே தாளில் வரைந்து காட்டும் கருவிகளும் அங்கு உருவாயின.

1953ஆம் ஆண்டளவில் அப்பிரிவு அன்னா மணியின் பொறுப்பில் வந்தது. அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர்கள் 121 பேர், அனைவரும் ஆண்கள். பெண்ணின் ஆணையை ஏற்றுப் பணிபுரிவது பலருக்குப் பழக்கமில்லாத காலம் அது. தம்மைப் பெண் என்று வேறுபடுத்திப் பாராட்டுவதையும் அவர் விரும்பவில்லை. குறைத்துப் பேசுவதையும் ஏற்கவில்லை. செய்த வேலையின் தரமே பேச வேண்டும் என்று எண்ணினார்.

ஏறத்தாழ நூறு வகை வானிலைக் கருவிகளுக்கு அவர் செந்தரமான வரைபடங்களை உருவாக்கினார். ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு நெம்புகோலும் இன்ன அளவில்தான் இருக்க வேண்டும் என்று அவ்வரைபடங்கள் வரையறுத்தன. அவற்றின்படி உற்பத்தி தொடங்கியது. செய்த கருவியை நம்பத்தக்க மூலக்கருவியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்து, திருத்தம் கண்ட பின்னரே அது நோக்குநிலையத்திற்குச் செல்ல வேண்டும். இதனையே அளவுத்திருத்தம் என்பர். மலையுச்சியில் உள்ள நிலையமும் கடற்கரையில் உள்ள நிலையமும் ஒரே மொழியில் பேச இவ்வழியே துணைநின்றது.

8. கதிரவனும் ஓசோனும்

1957–58ஆம் ஆண்டுகளை உலக நாடுகள் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடின. அப்போது அன்னா மணி, கதிரவனிடமிருந்து நிலத்தை அடையும் வெப்பத்தை அளக்க இந்தியாவெங்கும் நிலையங்களை அமைத்தார். முதலில் வெளிநாட்டுக் கருவிகளைப் பயன்படுத்திய அவர், விரைவில் அவற்றையும் இங்கேயே வடிவமைத்தார்.

தரையில் நின்று அளப்பது போதாது. உயரத்திலும் அளக்க வேண்டும். ரேடியோசோண்டு என்னும் சிறு கருவியைப் பலூனில் கட்டி விடுப்பர். அது மேலேறும்போது வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து வானொலி அலை வழியே தரைக்கு அனுப்பும். இதனைப் போன்றே வானில் உள்ள ஓசோனை அளக்கும் பலூன் கருவியை 1960களில் அவரும் அவருடைய குழுவினரும் இந்தியாவிலேயே உருவாக்கினர். உலகில் மிகச் சில நாடுகளே அன்று அத்திறனைப் பெற்றிருந்தன.

விக்ரம் சாராபாயின் வேண்டுகோளை ஏற்று, தும்பா ஏவுதளத்தில் வானிலை நோக்குநிலையத்தையும் கருவிகள் தாங்கிய கோபுரத்தையும் அவர் அமைத்துத் தந்தார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. ஏவூர்தியைக் கண்டு வியந்தோர் பலர். அதற்கு முன் காற்றின் திசையையும் வேகத்தையும் அமைதியாக அளந்து கூறியோரை அறிந்தோர் சிலரே.

9. தில்லியும் அதன் பின்னும்

1969ஆம் ஆண்டு முதல் தில்லியில் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றிய அன்னா மணி, 1976ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அவருக்குச் சொல்லளவில்தான் வாய்த்தது. மூன்றாண்டுகள் இராமன் ஆய்வு நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக விளங்கினார். இந்தியாவின் கதிரவன் வெப்பம் பற்றிய தரவுகளைத் தொகுத்து 1980, 1981ஆம் ஆண்டுகளில் இரு நூல்களாக வெளியிட்டார். காற்றாலை அமைக்க ஏற்ற இடங்களைக் கண்டறிய நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை வழிநடத்தினார். பெங்களூரில் காற்றுவேகத்தையும் கதிரவன் ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்கூடத்தையும் நடத்தினார்.

1987ஆம் ஆண்டில் இந்திய தேசிய அறிவியல் கழகம் அவருக்குக் கே.ஆர். இராமநாதன் பதக்கம் வழங்கியது. 1994ஆம் ஆண்டில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், எண்பத்து மூன்றாம் ஆண்டு நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் இயற்கை எய்தினார்.

10. நாம் பெறும் பாடம்

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானத்தை நம்பி வாழும் நாட்டில் வானத்தை அறிவது முதற்கடமை. அவ்வறிவு, ஒருவர் காலையில் வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து, கண்டதைக் கண்டவாறே எழுதும் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. அவ்வெண் உண்மையாக இருக்கக் கருவி உண்மையாக இருக்க வேண்டும். எழுதுபவரும் உண்மையாக இருக்க வேண்டும். கருவியின் உண்மைக்கு அன்னா மணி பொறுப்பேற்றார். எழுதுபவரின் உண்மைக்குப் பொறுப்பு நம்முடையது.

சொற்பொருள்

அனல் – கடும் வெப்பம்
செந்தரம் – எல்லோரும் பின்பற்றும் ஒரே அளவு, தரம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு
தீது – கேடு
தட்டி – நீர் ஊறி நிற்குமாறு கூலரில் பொருத்தப்படும் மரநார் மறைப்பு
ஏவூர்தி – விண்ணில் செலுத்தப்படும் ஊர்தி

இலக்கணக்குறிப்பு

புலப்படாத ஈரம் – எதிர்மறைப் பெயரெச்சம்
உடைந்தால் – நிபந்தனை எச்சம்
உயர உயர – அடுக்குத்தொடர்
கருவியும் உடலும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

அளந்தார் – அள + த்(ந்) + த் + ஆர்
அள – பகுதி. த் – சந்தி. த் ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

பயிற்சி

அ) பொருத்துக.
1. பீர்மேடு – ஏவூர்தித் தளம்
2. புனே – பிறந்த ஊர்
3. தும்பா – கருவிப் பிரிவு
4. லோதி ரோடு – வானிலைத் துறையின் தலைமையகம்

ஆ) பிரித்து எழுதுக.
காற்றழுத்தம், அவ்வெல்லை, தலைமையகம், ஆய்வேடு

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஈரக்குமிழ் உலர்குமிழை விடத் தாழ்ந்த வெப்பநிலையைக் காட்டுவது ஏன்?
2. ஜூலை மாதத்தில் கூலர் நன்கு குளிர்விக்காததன் காரணம் யாது?
3. உலர்குமிழ் 30 டிகிரி, ஈரக்குமிழ் 24 டிகிரி எனில் ஒப்பு ஈரப்பதம் எவ்வளவு?
4. அன்னா மணிக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது ஏன்?

ஈ) ஒரு பத்தியளவில் விடை எழுதுக.
1. தவறான அளவு, அளவே இல்லாமையினும் தீது – இக்கருத்தை ஈரப்பத அளவீட்டைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. விரும்பிய துறை கிடைக்காதபோது அன்னா மணி எடுத்த முடிவைப் பற்றி உம் கருத்தை எழுதுக.

உ) செய்து பார்ப்போம்.
ஒரே அளவைக் காட்டும் இரு வெப்பநிலைமானிகளை ஆசிரியர் துணையுடன் தேர்ந்தெடுக்க. ஒன்றின் குமிழில் தூய மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, வாலைவடிநீரில் நனைக்க. இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, அட்டையால் ஐந்து நிமிடம் விசிறுக. ஈரக்குமிழின் அளவு இறங்குவது நின்றதும் இரண்டையும் குறித்துக்கொள்க. ஒரு வாரம் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு இவ்வாறு செய்து அட்டவணைப்படுத்துக. உம் எண் தோழரின் எண்ணோடு ஒத்துவராவிடில் அதை மாற்றி எழுதாதீர். வேறுபாட்டிற்குக் காரணம் துணியா, நீரா, கருவியா, கண்ணா என்று ஆராய்ந்து குறிப்பெழுதுக.